சவுத் டவுன்ஸ் வே, 160 கி.மீ.: ஒரே நாளிலா, நின்று நிதானமாகவா?

முகட்டுக்காற்று எழுதியது:

வணக்கம் நண்பர்களே. தென் இங்கிலாந்தின் சவுத் டவுன்ஸ் வேயை இந்த ஜூனில் மவுண்டன் பைக்கில் முழுவதுமாக ஓட்டலாம் என்று இருக்கிறேன். வின்செஸ்டரில் தொடங்கி ஈஸ்ட்போர்னில் முடியும் 160 கி.மீ. பாதை. தார்ச்சாலையில் ஒரே நாளில் 180 ஓட்டியிருக்கிறேன், அதனால் இதையும் ஒரே நாளில் முடித்துவிடலாம் என்பது என் கணக்கு. உயரத்தைப் பார்த்தேன். வழியில் மிக உயர்ந்த இடமான பட்சர் குன்றே 270 மீட்டர்தான். அதை மலை என்று சொல்லவே கூச்சமாக இருக்கிறது.

வண்டி 29 அங்குல ஹார்ட்டெயில், அதாவது முன்னால் மட்டும் சஸ்பென்ஷன். டயர் 2.25, உள்ளே டியூப்தான். போகிற வழியில் பழைய கோட்டை, ரோமானியர் சாலை எல்லாம் இருக்கிறதாமே? அதையும் பார்த்துக்கொண்டே போகலாம் அல்லவா? ஓட்டியவர்கள் சொல்லுங்கள்.

செயின்கறை எழுதியது:

தார்ச்சாலைக் கணக்கை வீட்டிலேயே விட்டுவிட்டு வாருங்கள். 270 மீட்டர் என்பது உண்மைதான். ஆனால் அதை ஒரு தடவை ஏறினால் போதும் என்று நினைத்துவிட்டீர்கள். இந்தக் குன்றுத்தொடரை வடக்கு தெற்காக ஐந்து ஆறுகள் வெட்டுகின்றன: மியோன், ஆரன், அடர், ஊஸ், கக்மியர். மேற்கிலிருந்து கிழக்கே போகும் நாம் ஒவ்வொரு ஆற்றுக்கும் முகட்டை விட்டு அடிவரை இறங்கி, எதிர்க்கரையில் முதலிலிருந்து ஏற வேண்டும். ஆறு இல்லாத இடத்தில் சாலை குறுக்கிடும், அதற்கும் இறங்கி ஏறு. எல்லாம் கூட்டினால் சுமார் 4,000 மீட்டர் ஏற்றம் வந்துவிடும்.

அப்புறம் புல். மேலே பெரும்பகுதி புல்தரை. பார்க்க மெத்தை மாதிரி இருக்கும், ஓட்டினால் பின்னாலிருந்து யாரோ பிடித்து இழுப்பது மாதிரி இருக்கும். அதோடு ஆடு மாடு மேய்வதால் கதவுக்கு மேல் கதவு. இறங்கு, திற, உள்ளே போ, சாத்து, ஏறு. சாத்தாமல் போகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கெட்ட கோபம் வரும், இப்போதே சொல்லிவிடுகிறேன்.

நல்ல செய்தி ஒன்று. அங்கே காற்று பெரும்பாலும் தென்மேற்கிலிருந்து வீசும். வின்செஸ்டரில் தொடங்குகிறீர்கள், அது சரியான முடிவு. ஈஸ்ட்போர்னிலிருந்து தொடங்கினால் நாள் முழுக்க நெஞ்சில் அடிக்கும்.

வன்னித்தடம் எழுதியது:

தம்பி, ரியூப்போடு போகவேண்டாம். நான் முதல் தடவை ரியூப்போடு போய் ஆம்பர்லி ஊருக்கு முன்னமே மூன்று தரம் பஞ்சர். அந்தக் குன்றுகள் முழுக்கச் சுண்ணாம்புக்கல், அதற்குள் சிக்கிமுக்கிக்கல் கட்டி கட்டியாக இருக்கும். அது உடைந்தால் போத்தல் ஓடு மாதிரி விளிம்பு வரும். ரயரின் நடுப்பகுதி தாங்கும், பக்கச் சுவரைத்தான் கிழிக்கும்.

டியூப்லெஸ் ஆக்கி, சீலன்ட் (ஓட்டையை உள்ளிருந்து அடைக்கும் திரவம்) புதிதாக ஊற்றி, ஓட்டையில் திணிக்கும் பிளக் ஒரு கட்டு, பக்கச்சுவர் கிழிந்தால் உள்ளே வைக்க ஒரு துண்டுப் பழைய ரயர், கடைசி வழிக்கு ஒரு ரியூப். இவ்வளவும் இல்லாமல் வெளிக்கிடவேண்டாம். காற்று முன்னுக்கு 22, பின்னுக்கு 25 பி.எஸ்.ஐ. எனக்குச் சரி, நான் 70 கிலோ. உங்கள் நிறைக்கு ஏற்ற மாதிரி பாருங்கள்.

மழை பெய்த அடுத்த நாள் என்றால் கதையே வேறு. ஈரச் சுண்ணாம்பின் மேல் மா கரைத்து ஊற்றின மாதிரி ஒரு படலம் நிற்கும். ரயரின் பல் பிடிக்க அங்கே ஒன்றும் இல்லை. வெள்ளையாக, வழுவழுப்பாக, சரிவாகத் தெரிந்தால் முன் பிரேக்கைத் தொடவே வேண்டாம். ஓரத்துப் புல்லில் சக்கரத்தை ஏற்றி இறங்குங்கள். எனக்கு இடது முழங்கையில் இன்னும் அடையாளம் இருக்கிறது.

செயின்கறை எழுதியது:

ரயரோ டயரோ, வன்னி அண்ணா சொன்ன காற்றளவு சரி. ஒன்று மட்டும் சேர்க்கிறேன். இறக்கங்கள் ஒவ்வொன்றும் சுமார் 200 மீட்டர் உயரத்துக்குள் முடிந்துவிடும், அதனால் பிரேக் சூடேறிப் போகுமோ என்ற பயம் தேவையில்லை. ஆனால் அந்தச் சுண்ணாம்புக் குழம்பு உப்புத்தாள் மாதிரி பிரேக் பேடைத் தேய்த்துவிடும். மழை நாளென்றால் ஒரு ஜோடி கையில் இருக்கட்டும். கியர், முன் பல்சக்கரம் 32 பல்லுக்கு மேல் வேண்டாம்.

புல்மேடு எழுதியது:

பழைய இடங்களைப் பற்றி ஒருவரும் பேசவில்லை, அதனால் நான் வருகிறேன். "பார்த்துக்கொண்டே போகலாம் அல்லவா" என்று ஒரு வரியில் கேட்டுவிட்டீர்கள். வரிசையாகச் சொன்னால் விடிந்துவிடும், எனக்குப் பிடித்ததை மட்டும் சொல்கிறேன்.

ட்ரேஃபோர்ட் ஊருக்கு மேலே பாதையோரமாகவே ஐந்து பெரிய புதைமேடுகள் வரிசையாக நிற்கும். வெண்கலக் காலத்தவை. பெயர் டெவில்ஸ் ஜம்ப்ஸ், அதாவது சாத்தான் தாவிய இடம். (இந்தப் பாதையில் விளங்காத எல்லாவற்றையும் சாத்தான் தலையில்தான் கட்டியிருக்கிறார்கள். கிழக்கே போனால் டெவில்ஸ் டைக் என்ற வறண்ட பள்ளத்தாக்கு, சுமார் 100 மீட்டர் ஆழம். கடலை உள்ளே விட்டுத் தேவாலயங்களை மூழ்கடிக்கச் சாத்தான் வெட்டிய கால்வாயாம். ஒரு கிழவி மெழுகுவத்தி ஏற்ற, விடிந்துவிட்டது என்று நினைத்து ஓடிவிட்டானாம்.)

பிக்னர் குன்றின் மேல் ரோமானியர் போட்ட ஸ்டேன் ஸ்ட்ரீட் உங்கள் பாதையைத் தொடும். சிசெஸ்டரிலிருந்து லண்டனுக்குப் போன சாலை. அங்கே நிற்கும் மரக் கைகாட்டியில் ஊர்ப்பெயர்களை லத்தீனில் எழுதியிருப்பார்கள்: ஒரு பக்கம் லண்டினியம், மறுபக்கம் நோவியோமாகஸ். குன்றின் வடக்கு அடிவாரத்தில் ரோமானியர் மாளிகை. 1811இல் ஒரு விவசாயி உழும்போது ஏர் கல்லில் தட்டி, கீழே மொசைக் தரை கிடைத்த இடம். அதைப் பார்க்க இறங்கினால் திரும்பவும் அந்தக் குன்றை ஏற வேண்டும். ஒரே நாளில் ஓட்டுகிறவர் யாரும் இறங்க மாட்டார். இதற்குத்தான் சொல்கிறேன், மூன்று நாள் எடுத்துக்கொள்ளுங்கள்.

முகட்டுக்காற்று எழுதியது:

நன்றி அக்கா. ஆனால் ஒரு உண்மையைச் சொல்கிறேன், கோபிக்கக் கூடாது. போன மாதம் ஒத்திகைக்காக ஓல்ட் வின்செஸ்டர் ஹில் வரை போய்வந்தேன். இரும்புக்காலக் கோட்டை என்று பலகை சொன்னது. சுற்றிச் சுற்றிப் பார்த்தேன், ஒரு புல் வரப்பும் ஒரு பள்ளமும்தான் தெரிந்தன. கோட்டை எங்கே என்று ஆட்டிடம்தான் கேட்க வேண்டும் போலிருந்தது. கல்லால் கட்டிய எதையும் காணோம். இதற்காக மூன்று நாளா?

இரட்டைச்சவாரி எழுதியது:

அப்படிக் கேளுங்கள்! நான் ஒரே நாளில் முடித்தவன். அதிகாலை 4 மணிக்குத் தொடங்கி 15 மணி நேரம். இதே பாதையில் போய்த் திரும்பி 320 கி.மீ.யை 24 மணி நேரத்துக்குள் முடிக்கிறவர்களும் இருக்கிறார்கள், அதற்கு டபிள் என்று பெயர். என் பெயரைப் பார்த்து ஏமாறாதீர்கள், எனக்கு ஒன்றரையிலேயே முட்டி போய்விட்டது.

ஒரே நாளில் ஓட்டினால் எதையும் பார்க்க முடியாது என்பதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். இடம் இடமாக இறங்கிப் பலகை படிக்கிறவருக்குத் தனித்தனி இடங்கள் தெரியும். ஒரே நாளில் கடக்கிறவருக்கு அவை ஏன் அங்கே இருக்கின்றன என்பது தெரியும். ஆற்றங்கரையில் சேறு, மேலே ஏறினால் காய்ந்த முகடு, அங்கே ஒரு கோட்டை. மறுபடி ஆறு, மறுபடி ஏற்றம், மறுபடி கோட்டை. அந்த ஒழுங்கு காலுக்குத்தான் முதலில் புரியும்.

புல்மேடு எழுதியது:

கோபம் இல்லை தம்பி. எத்தனை மணிக்குப் போனீர்கள் என்று மட்டும் சொல்லுங்கள்.

முகட்டுக்காற்று எழுதியது:

மதியம் பன்னிரண்டரை.

புல்மேடு எழுதியது:

அதுதானே பார்த்தேன். மண்கோட்டையை உச்சி வெயிலில் பார்க்கவே கூடாது. வெளிச்சம் நேர் மேலிருந்து விழுந்தால் வரப்புக்கும் பள்ளத்துக்கும் வித்தியாசமே தெரியாது, எல்லாம் ஒரே பச்சை. சூரியன் தாழ்வாக இருக்கும்போது போங்கள். பள்ளம் முழுக்க நிழல் நிரம்பும், வரப்பின் விளிம்பு மட்டும் பளிச்சென்று நிற்கும். அப்போதுதான் சுற்று முழுவதும் ஒரே கோடாகக் கண்ணில் படும். விமானத்திலிருந்து படம் எடுக்கும் தொல்லியலாளர்களும் இந்தச் சாய்ந்த வெயிலுக்குத்தான் காத்திருப்பார்கள். வரப்பின் மேல் மரவேலி இருந்த காலத்தில் எதிரி அந்தப் பள்ளத்தில் இறங்கி ஏறியிருக்க வேண்டும். நீங்கள்தான் ஏற்றம் தெரிந்தவராயிற்றே, நினைத்துப் பாருங்கள்.

அப்புறம், இரட்டைச்சவாரி சொன்னதில் ஒரு நியாயம் இருக்கிறது. ஒரே நாளில் ஓட்டுகிறவர் விடியலிலும் அந்தியிலும் முகட்டில்தான் இருப்பார். மூன்று நாள்காரர்கள் அந்த நேரத்தில் காலை உணவு சாப்பிட்டுக்கொண்டிருப்பார்கள். இது எனக்கு இதுவரை தோன்றவில்லை.

தாவல்தம்பி எழுதியது:

புல் வரப்பு, பள்ளம் எல்லாம் வீணாகச் சொல்லாதீர்கள். சிஸ்பரி ரிங் கோட்டைப் பக்கம் அந்த வரப்புகளில் வேகமாக ஏறிக் குதித்தால் அருமையான தாவல் கிடைக்கும். இயற்கையாகவே அமைந்த ஜம்ப். யாரும் முயன்றிருக்கிறீர்களா?

செயின்கறை எழுதியது:

தம்பி, அது இயற்கையாக அமைந்தது இல்லை. மனிதர்கள் வெட்டிக் கொட்டிய மண். 1979 சட்டப்படி பாதுகாக்கப்பட்ட நினைவுச்சின்னம், அதைச் சேதப்படுத்துவது குற்றம். ஒரு சக்கரம் போன தடத்தில் மழைத்தண்ணீர் ஓடும், அடுத்த வருடம் அது வாய்க்கால். அடியில் சுண்ணாம்பு வெளியே வந்துவிட்டால் மறுபடி புல் பிடிக்க எத்தனையோ வருடம் ஆகும். குதிக்க ஆசை என்றால் பட்சர் குன்றின் அடிவாரத்தில் குயீன் எலிசபெத் கன்ட்ரி பார்க்கில் மவுண்டன் பைக்குக்கு என்றே தடங்கள் இருக்கின்றன. அங்கே மனம் போல் குதியுங்கள்.

புல்மேடு எழுதியது:

சிஸ்பரி பேச்சு வந்ததால் ஒன்று. கோட்டைக்கும் ஆயிரக்கணக்கான ஆண்டுகளுக்கு முன், புதிய கற்காலத்தில், அங்கே சிக்கிமுக்கிக்கல் சுரங்கம் நடந்தது. சுமார் 12 மீட்டர் ஆழம் வரை குழி தோண்டியிருக்கிறார்கள். அந்தக் கல்லில்தான் கோடரி செய்தார்கள். வன்னி அண்ணாவின் டயரைக் கிழித்ததும் அவர்கள் மரம் வெட்டியதும் ஒரே கல்.

வன்னித்தடம் எழுதியது:

அப்ப எனக்கு நடந்தது தொல்லியல் விபத்து. கேட்க மரியாதையாக இருக்கிறது. 😀

தாவல்தம்பி எழுதியது:

சரி சரி, தெரியாமல் கேட்டுவிட்டேன். வேறொன்று: எலக்ட்ரிக் பைக் அனுமதியா? எங்கெல்லாம் சைக்கிள் போகலாம்?

செயின்கறை எழுதியது:

மோட்டார் 250 வாட்டுக்குள், உதவி மணிக்கு 25 கி.மீ.யோடு நின்றுவிட வேண்டும், மிதித்தால்தான் ஓட வேண்டும். அப்படியென்றால் சட்டத்துக்கு அது சைக்கிள்தான். அதற்கு மேல் போனால் மோட்டார் வண்டி, அங்கே இடமில்லை.

நீல அம்பு போட்டிருந்தால் குதிரைப்பாதை, சைக்கிள் போகலாம். மஞ்சள் அம்பு நடைபாதை, நமக்கு உரிமை இல்லை. 1968இல் வந்த சட்டம்தான் குதிரைப்பாதையில் சைக்கிளுக்கு உரிமை கொடுத்தது. நடப்பவர்களுக்கும் குதிரைக்காரர்களுக்கும் வழி விட வேண்டும் என்பது அதே சட்டத்தில் இருக்கும் நிபந்தனை, வெறும் பண்பு அல்ல. குதிரை எதிரே வந்தால் நின்று, பேச்சுக் கொடுங்கள். குதிரைக்குச் சத்தமில்லாமல் வரும் சைக்கிளைவிடப் பேசும் மனிதனைப் பிடிக்கும்.

பாதை முழுவதும் சைக்கிளில் போகக்கூடியதுதான். இரண்டு இடங்களில் கவனம். ஓல்ட் வின்செஸ்டர் ஹில் கோட்டைக்குள் நடைதான், சைக்கிள் வழி பிரிந்து போகும். இன்னொன்று கடைசியில். அல்ஃப்ரிஸ்டன் தாண்டி நடப்பவர்கள் கடலோரமாக செவன் சிஸ்டர்ஸ் வெண்பாறைகள் மேல் போவார்கள். நமக்கு உள்நாட்டு வழி, வின்டோவர் குன்று, ஜெவிங்டன் வழியாக. வழிகாட்டிக் கருவிக்கான ஜி.பி.எக்ஸ். கோப்பை இறக்கும்போது இதைச் சரிபாருங்கள். நான் முதல் தடவை நடப்பவர்களின் கோப்பை வைத்துக்கொண்டு போய்த் திரும்பி வந்தேன்.

தண்ணீர்க் குழாய்கள் வழியில் ஆங்காங்கே உண்டு, காக்கிங், பாட்டல்ப்ஸ் இரண்டையும் தவறவிடாதீர்கள். கூடாரம் அடிக்க நில உரிமையாளரின் அனுமதி வேண்டும்.

இரட்டைச்சவாரி எழுதியது:

வின்டோவர் குன்றில்தானே அந்த நெடிய மனிதன்? இரும்புக்காலத்து ஆள், இரண்டு கையிலும் கோல் வைத்து நிற்பார். கடைசி ஏற்றத்துக்கு அவர்தான் காவல் தெய்வம் மாதிரி என்று நினைத்துக்கொண்டு ஏறினேன்.

புல்மேடு எழுதியது:

வில்மிங்டன் நெடுமனிதன். 72 மீட்டர் உயரம். ஆனால் இரும்புக்காலம் இல்லை. 2003இல் அடிவாரத்தில் அகழாய்வு செய்து, மேலிருந்து சரிந்து விழுந்த சுண்ணாம்புச் சில்லுகளின் காலத்தைப் பார்த்தார்கள். 16 அல்லது 17ஆம் நூற்றாண்டு என்றுதான் வருகிறது. இப்போது தெரியும் வெள்ளைக் கோடு 1969இல் பதித்த கான்கிரீட் கட்டி. இன்னொன்று, நீங்கள் ஏறியபோது அவரைப் பார்த்திருக்க வாய்ப்பில்லை. சைக்கிள் வழி அவர் தலைக்குப் பின்னால் போகிறது. பார்க்க வேண்டும் என்றால் வில்மிங்டன் ஊருக்கு இறங்கி அங்கிருந்து அண்ணாந்து பார்க்க வேண்டும்.

இரட்டைச்சவாரி எழுதியது:

அப்படியா! இத்தனை வருடமாக நண்பர்களிடம் பார்த்ததாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். போஸ்டரில் பார்த்த ஞாபகமாக இருக்கும். சரி, போகட்டும்.

வன்னித்தடம் எழுதியது:

தம்பி, ஒரு நாளோ மூன்று நாளோ, எனக்கு அதில் வழக்கு இல்லை. ஒரு இடத்தில் மட்டும் கட்டாயம் நில்லுங்கள். கிளேட்டனில் ஜேக், ஜில் என்று இரண்டு காற்றாலை இருக்கிறது. ஜில் வெள்ளை நிற மர ஆலை, 1821இல் பிரைட்டனில் கட்டி, 1852இல் காளைகளைப் பூட்டி இந்தக் குன்றுக்கு இழுத்து வந்தார்கள். ஏறும்போது உங்களுக்குக் கால் நோகும், அந்தக் காளைகளை நினையுங்கள். நான் சொல்ல வந்தது ஆலை இல்லை. அதைத் தாண்டிப் போனால் தெற்கே ஒரு குதிரைப்பாதை பிரியும். கொஞ்சம் இறங்கினால் சத்ரி என்ற நினைவுச்சின்னம் வரும்.

முதலாம் உலகப் போரில் காயப்பட்ட இந்தியச் சிப்பாய்களுக்குப் பிரைட்டன் ராயல் பெவிலியன் அரண்மனையை ஆஸ்பத்திரி ஆக்கினார்கள். அங்கே ஆஸ்பத்திரிகளில் இறந்த இந்து, சீக்கியச் சிப்பாய்கள் 53 பேரை இந்தக் குன்றில் கொண்டுவந்துதான் எரித்தார்கள். அதே இடத்தில் வெள்ளைப் பளிங்கில் எட்டுத் தூண், மேலே ஒரு கும்மட்டம். 1921 பெப்ரவரியில் திறந்தது. சுற்றிவர ஆடு மேயும். தூரத்தில் கடல் தெரியும். நான் முதல் தடவை பார்த்தபோது என்னோடு வந்தவர்களோடு ஒன்றும் கதைக்க முடியவில்லை. சைக்கிளை வெளியே சாத்திவிட்டுப் போங்கள்.

முகட்டுக்காற்று எழுதியது:

இதை யாரும் எனக்குச் சொன்னதே இல்லை. ரொம்ப நன்றி அண்ணா. திட்டத்தை மாற்றுகிறேன். இரண்டு நாள். முதல் நாள் ஆம்பர்லி வரை, இரண்டாம் நாள் மீதி. ஆனால் இரண்டாம் நாள் விடியும் முன்பே கிளம்பி, சூரியன் தாழ்வாக இருக்கும்போது சாங்டன்பரி ரிங் மண்கோட்டையில் இருக்க வேண்டும். புல்மேடு அக்காவின் பேச்சைச் சோதித்துப் பார்த்துவிடுகிறேன்.

புல்மேடு எழுதியது:

சோதியுங்கள். சாங்டன்பரியில் கோட்டைச் சுற்றுக்குள் 1760இல் நட்ட பீச் மரங்கள் இருந்தன. 1987 அக்டோபர் புயலில் பெரும்பாலும் சாய்ந்துவிட்டன, இப்போது இருப்பவை பெரும்பாலும் புதிதாக நட்டவை. உள்ளே ரோமானியர் காலக் கோயில்கள் இரண்டின் அடித்தளம் மண்ணுக்கடியில். அந்தச் சுற்றை இடஞ்சுழியாக ஏழு தடவை சுற்றினால் சாத்தான் வந்து ஒரு கிண்ணம் சூப் தருவான் என்பார்கள். வாங்கிக் குடித்தால் ஆன்மா அவனுக்கு. பசியோடு போகாதீர்கள்.

முகட்டுக்காற்று எழுதியது (மூன்று வாரம் கழித்து):

முடித்துவிட்டேன். முதல் நாள் சுமார் 75 கி.மீ. ஓட்ட ஒன்பது மணி நேரம், நிற்கும் நேரத்தையும் சேர்த்து. தார்ச்சாலைக் கணக்கைப் பற்றி இனி வாய் திறக்க மாட்டேன். பட்சரிலிருந்து இறங்கும் புல் சரிவு மட்டும் வாழ்க்கையில் மறக்காது, பிரேக்கை விட்டுவிட்டுக் கத்திக்கொண்டே இறங்கினேன். பிக்னரில் மாளிகைக்கு இறங்கவில்லை. கைகாட்டியோடு படம் எடுத்துக்கொண்டேன். மன்னிக்கவும் அக்கா, கால் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை.

பின் டயரில் ஒரு வெட்டு விழுந்தது, காக்கிங் தாண்டி. பிளக் இரண்டு வைத்ததும் நின்றுவிட்டது. கிழித்த கல்லைப் பார்த்தேன், உண்மையிலேயே கத்தி மாதிரி இருந்தது. அங்கேயே போட்டுவிட்டேன்.

இரண்டாம் நாள் காலை நாலரைக்கு ஆம்பர்லியிலிருந்து கிளம்பினேன். சாங்டன்பரியில் ஆறேகால். அக்கா சொன்னது அப்படியே நடந்தது. மதியம் ஒன்றுமில்லாமல் தெரிந்த அதே மாதிரி வரப்பு, அந்த வெயிலில் கறுப்பு மையால் வட்டம் போட்டது போல நின்றது. பள்ளத்தில் பனி கிடந்தது. அரை மணி நேரம் அங்கேயே போய்விட்டது.

சத்ரியில் யாரும் இல்லை. அருகிலிருக்கும் கல்லில் 53 பெயர்களும் இருக்கின்றன. ஒவ்வொன்றாக வாசித்துவிட்டுத்தான் வந்தேன். அதற்குப் பின் டிச்லிங் பீக்கன் குன்று வரை என்ன பார்த்தேன் என்று ஞாபகம் இல்லை.

ஈஸ்ட்போர்னில் இறங்கும்போது மாலை ஏழு. நெடுமனிதனைப் பார்க்கவில்லை, தலைக்குப் பின்னால் போய்விட்டேன். ஆனால் பார்த்தேன் என்று யாரிடமும் சொல்ல மாட்டேன்.

இரட்டைச்சவாரி எழுதியது:

அந்தக் கடைசி வரி எனக்கு என்று புரிகிறது. 😀 சாத்தான் சூப் கொடுத்தானா?

முகட்டுக்காற்று எழுதியது:

வண்டியைச் சாய்த்துவிட்டு நடந்துதான் சுற்றினேன். மூன்றாவது சுற்றில் ஒரு மாடு குறுக்கே நின்றுகொண்டு நகரவே இல்லை. திரும்பி வந்துவிட்டேன்.